ஒரு நாள் ஊழியம்

என் தங்கை மகன் காரைக்காலில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் கையில் நான்கைந்து தாள்களுடன் வந்து, "மாமா, இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள். தமிழ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்" என்றான்.

'ஊழியர் தன்னார்வத் தொண்டு நாள்' என்பது தலைப்பு. இடம்: சுரக்குடி. நாள்: டிசம்பர் 5. பங்குபெறுவோர்: 32 ஊழியர். உடன் இணைந்து நடத்துவோர்: அவ்வூர் மகளிர் குழு. பணி: குளம் தூர்வாரல். காலை 8 மணிக்குப் பேருந்து, 9 மணிக்கு வரவேற்பு, பிறகு உறுதிமொழி, 10 மணி முதல் 12.30 வரை தூர்வாரும் பணி, உணவு, நினைவுப் பரிசு, புகைப்படம், திரும்புதல். கடைசித் தாளில் செலவுப் பட்டியல். பனியனுக்கும் பதாகைக்கும் ஒதுக்கியிருந்த தொகை, மண்வெட்டிக்கும் கூடைக்கும் ஒதுக்கியதைப் போல் மும்மடங்கு இருந்தது.

தமிழில் பிழை அதிகமில்லை. எனக்கு வேறோர் ஐயம் எழுந்தது. "டிசம்பர் 5 என்று நாள் குறித்தது யார்?" என்றேன்.

"தலைமை அலுவலகம். அன்று உலகத் தொண்டர் தினமாம்."

"சுரக்குடிக்காரர்கள் என்ன சொன்னார்கள்?"

"வாருங்கள் என்றார்கள்."

"நீங்கள் அவர்களிடம் கேட்டது என்ன?"

அவன் சற்று யோசித்தான். நேர்மையான பிள்ளை. "கேட்கவில்லை மாமா. வருகிறோம் என்று சொன்னோம்" என்றான்.

அன்றிரவு வெகுநேரம் அவனுடைய விடை என் மனத்தைவிட்டு அகலவில்லை. பிறருக்கு நன்மை செய்யப் புறப்படுகிறவன், அந்த நன்மை எது, அது எந்நாளில் நடக்க வேண்டும் என்பவற்றைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றவனா? கொடுப்பவன் என்ற நிலையே அவ்வுரிமையைத் தந்துவிடுகிறதா? சாதாரணக் கேள்வி போலத்தான் தோன்றுகிறது. எனினும், நம் தர்மங்களில் பாதி இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

முதலில் நாளை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 5ஆம் நாளைத் தொண்டர்களுக்குரிய நாளாக ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 1985ஆம் ஆண்டு அறிவித்தது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் நியூயார்க்கில் குறித்த அந்த நாள் காவிரியின் கடைமடையில் எந்தப் பருவத்தில் வந்து விழுகிறது? சுரக்குடி, திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு எனக் காவிரியின் கிளைகள் பலவாய்ப் பிரிந்து கடலைத் தேடும் வட்டாரம் இது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் வழியிலுள்ள வயல்களெல்லாம் குடித்த மிச்சமாகத்தான் இங்கே வந்து சேரும். வராமலே போன ஆண்டுகளும் உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். டிசம்பர் முதல் வாரத்தில் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். குளம் ததும்பி நிற்கும். ததும்பும் குளத்தில் 32 பேர் இறங்கி எதைத் தூர்வாருவது? தூர்வாரும் காலம் சித்திரையும் வைகாசியும். சுரக்குடியில் எந்த மூதாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், ஏற்பாட்டுக் குழு என மூன்று படிகளில் பலரும் படித்துக் கையெழுத்திட்ட தாளில், கேட்கப்படாதவர் அந்த மூதாட்டி ஒருவரே.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையோரத்து மீனவக் குப்பங்களை வாரிக்கொண்டு போன பிறகு, நாடெங்கிலுமிருந்து வேன்களில் பழந்துணி வந்து குவிந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நாகப்பட்டினத்தைச் சுற்றிய சாலையோரங்களில் அத்துணிகள் மலைபோல் கிடந்து, வெயிலிலும் மழையிலும் மக்கின. அத்தகைய வேன் ஒன்றில் நானும் போனேன். எங்கள் தெருவில் இரண்டே நாளில் சேர்த்த துணி அது. மனம் நிறைந்த பெருமிதத்துடன் மூட்டைகளை இறக்கினோம். ஒரு குப்பத்தில் ஒரு பெண்மணி மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய ஜரிகைப் புடவை ஒன்று மேலே இருந்தது. அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "பானை இருக்கா தம்பி?" என்றார். அரிசியை யாரோ கொடுத்துவிட்டார்கள். பொங்குவதற்குப் பானை இல்லை. எங்கள் வேனில் பானை இல்லை. கேட்டுவிட்டு வந்திருந்தால் இருந்திருக்கும்.

அதே நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு இடம் தந்து நாள்கணக்கில் உணவளித்தார்கள். நாகூர் தர்காவின் நிலத்தில் சமய வேறுபாடு பாராமல் இறந்தோர் அடக்கம் செய்யப்பட்டனர். இவை பத்திரிகைகளில் வந்த செய்திகள். நம் சமுதாயம் நினைத்துப் பெருமைப்படத் தக்கவை. அவர்களின் உள்ளம் எங்கள் உள்ளத்தைவிடப் பெரியது என்று சொல்ல எனக்கு மனமில்லை. எங்களுக்கும் இரக்கம் இருந்தது. அவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள். மீன் வாங்கிப் பழகியவர்கள். யாருக்கு என்ன தேவை என்பதைக் காதால் கேட்டவர்கள். மறுநாளும் அங்கேயே இருந்தவர்கள். நாங்கள் மூட்டையை இறக்கிவிட்டு, இருட்டுமுன் ஊர் திரும்பினோம்.

பழந்துணியிலும் ஒரு கண்ணியமான வழி உண்டு என்பதை வடநாட்டில் 1999இல் தோன்றிய 'கூஞ்ச்' என்னும் அமைப்பு காட்டியது. ஊர் மக்களே கூடித் தங்களுக்கு வேண்டிய வேலையைத் தேர்ந்துகொள்கிறார்கள்: கிணறு வெட்டுவது, பாதை அமைப்பது, குளத்தைத் துப்புரவாக்குவது. உழைத்தவர்களுக்குத் துணியும் பிற பொருள்களும் ஊதியம்போல் அளிக்கப்படுகின்றன. அங்கே வாங்குகிறவர் கை தாழ்வதில்லை.

இனி, செல்லுகின்ற ஊழியரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மருமகனின் தாளில் ஒரு குறிப்பு இருந்தது: 'வருகைப் பதிவு கட்டாயம்.' தன்னார்வம் என்பது தன் ஆர்வம்; தன்னார்வமும் கட்டாயமும் ஒரே தாளில் எப்படி அடுத்தடுத்து உட்கார்ந்தன?

தமிழில் ஊழியம் என்ற சொல்லுக்கு ஒரு பழைய காயம் உண்டு. இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், நம்மவரான சோனகரும் செட்டிகளும் அந்நியர் எனக் கருதப்பட்டு, கூலியில்லாக் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். அந்த வேலையின் பெயரே 'ஊழியம்'. வேலை செய்ய மாட்டாதவர் அதற்கு ஈடாக வரிப்பணம் கட்ட வேண்டியிருந்தது. இங்கே தமிழகத்தில் ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து வேறு வகை; அது ஊரின் சொந்த வழக்கம். எந்த மாதம், எந்த மடை, வீட்டுக்கு எத்தனை ஆள் என்பதை ஊரே முடிவு செய்தது. 1858இல் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, அவ்வழக்கத்துக்கும் அதிகார முத்திரை குத்தியது. வர மறுத்தவருக்குத் தண்டம் விதிக்கவும் வழி செய்தது. (காரைக்கால் அப்போது பிரஞ்சுக்காரர் கையில் இருந்ததால் அந்தச் சட்டம் இவ்வூர்களைத் தொடவில்லை.) மண் அதே மண், மண்வெட்டியும் அதேதான். ஊரின் அழைப்புக்கு வந்தவன் குடிமகன். தண்டத்துக்கு அஞ்சி வந்தவன் ஊழியன்.

நான் இதைச் சொன்னபோது மருமகன் விடவில்லை. "கட்டாயம் இல்லையென்றால் ஆறு பேர்கூட வர மாட்டார்கள் மாமா" என்றான்.

"ஆறு பேர் போங்கள்" என்றேன். சொன்ன பிறகு, அது அவ்வளவு எளிதாகத் தீர்க்கக்கூடிய வழக்கல்ல என்று எனக்கே தோன்றியது. நல்ல பழக்கங்களில் எத்தனையை நாம் விரும்பித் தொடங்கினோம்? அத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் பள்ளிவாசலுக்குப் போன பிள்ளைதான் பின்னாளில் தானாகப் போகிறான். 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரைக் கொண்டு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சான்றிதழுக்காகவே சேர்ந்தவர் ஏராளம். அவர்களில் சிலருக்கேனும் அந்த முகாம்களில்தான் முதன்முதலாக ஒரு குடிசையின் உட்புறம் கண்ணில் பட்டது. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆனால் எண்ணம் சில வேளை செயலுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்து சேர்கிறது என்பதும் அனுபவம். ஆகவே, தள்ளிக்கொண்டு போவதெல்லாம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு. உங்கள் ஊழியர் நல்லவராவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? நிறுவனம் ஏற்றால் சரி. சுரக்குடி ஏற்க வேண்டுமென்றால் அது நியாயமன்று.

சுரக்குடிக்கு என்ன செலவு என்று கேட்கலாம். 32 பேர் வருகிறார்கள் என்றால் முதல் நாளே இடத்தைப் பெருக்க வேண்டும். நாற்காலி எடுத்துவர வேண்டும். தேநீர் வைக்க வேண்டும். வரவேற்புக்கு நிற்பதற்காகக் குழுப் பெண்கள் பதினைந்து பேர் அன்றைய கூலியை விட வேண்டும். எங்கோ ஒரு தெருவில் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். விருந்தாளியை முகம் சுளிக்காமல் அனுப்புவது நம் நாட்டுப் பண்பு. ஆதலால் இந்தச் செலவை அவர்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள்.

வேலையின் அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மருமகன் கணக்கன் அல்லவா, அவனே பென்சிலை எடுத்தான். ஐம்பது மீட்டர் நீளமும் நாற்பது மீட்டர் அகலமும் உள்ள சிறு குளம். அரை மீட்டர் சேறு. ஆயிரம் கன மீட்டர் மண். பழகிய கை ஒரு நாளில் இரண்டு கன மீட்டர் வெட்டும் என்று வைத்தாலும், நாற்காலியில் பழகிய கை இரண்டரை மணி நேரத்தில் அரை கன மீட்டர் வெட்டினால் பெரிது. 32 பேருக்கும் சேர்த்துப் பதினாறு. "அறுபது நாளுக்கு மேல் ஆகும் மாமா" என்று அவனே சிரித்தான். அப்படியே தூர்வாரினாலும், வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் குளம் வெறும் பள்ளந்தான்.

இந்த மாவட்டத்திலேயே குளங்கள் மீட்கப்பட்ட வரலாறு அண்மையது. 2019இல், விக்ராந்த் ராஜா ஆட்சியராக இருந்தபோது, 'நம் நீர்' என்ற பெயரில் 178 நீர்நிலைகள் சில மாதங்களுக்குள் செப்பனிடப்பட்டன. நிறுவனங்கள், கோயில் நிருவாகங்கள், அரசு ஊழியர், ஊர் மக்கள், அந்நாளைய நூறு நாள் வேலைத் திட்டத்துத் தொழிலாளர் என எல்லாருக்கும் அதில் பங்கிருந்தது. ஊழியர் ஊருக்கு உழைப்பது வீண் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. இதோ கண்முன் சான்று. அங்கே மண்வெட்டிக்கு மண்வெட்டியின் வேலையும், இயந்திரத்துக்கு இயந்திரத்தின் வேலையும், பணத்துக்குப் பணத்தின் வேலையும் தரப்பட்டன. ஒரு நாளின் படமாக அது முடியவில்லை.

மண்வெட்டி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மண் வெட்டிக் கூலி வாங்கி அடுப்பெரிக்கும் பெண்கள் இருக்கும் ஊரில், புதுப் பனியன் போட்ட 32 பேர் அதே வேலையை விளையாட்டாகச் செய்வதைக் கரையில் நின்று அப்பெண்கள் பார்க்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அவர்களின் பிழைப்பு நமக்குப் பொழுதுபோக்கு. வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. ஆனாலும் அது குத்தும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஊழியர் தொண்டாற்றிய நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது என்று மத்திய அரசு 2021இல் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவுபடுத்தியது. சட்டம் எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு இது நல்ல தத்துவமாகவே படுகிறது. ஒருவர் தந்த பொழுதை ரூபாயாக்கி வரவு வைக்கலாகாது.

தாளில் 12.30க்கு 'உணவு (பேருந்தில்)' என்று இருந்தது. உணவுப் பொட்டலங்கள் நகரத்திலிருந்து வருமாம். குளிர்சாதனப் பேருந்தில் அமர்ந்து உண்பார்களாம். ஊர்ப் பெண்கள் எங்கே உண்பார்கள் என்பதற்கு வரி இல்லை.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டிய நாட்களை நாம் குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். அகழ் என்னும் யோசனையே பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களுடையது. தெரிந்தவர் சொல்ல, தலைவர் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கரையில் நின்று மேற்பார்வை செய்யவில்லை. புழுதி படிய மண் சுமந்தார்கள். பசி கடுமையாக இருந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் தம் வீட்டிலிருந்த சிறிது வாற்கோதுமையையும் ஓர் ஆட்டுக்குட்டியையும் கொண்டு சிலருக்கு மட்டும் போதுமான உணவைச் சமைக்கச் செய்து, அண்ணலாரைத் தனியே வந்து மெல்ல அழைத்தார்கள். அண்ணலாரோ அகழ் தோண்டிய அனைவரையும் கூவி அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அந்த உணவு எல்லாருக்கும் போதியதாயிற்று என்னும் அற்புதத்தையே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். எனக்கோ, பானை சிறிதென்று அறிந்திருந்தும் யாரையும் விட்டுவிட்டு உண்ணச் சம்மதிக்காத அந்த மனமே முதலில் தெரிகிறது. கூட உழைத்தவரை வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்துக் கதவைச் சாத்திக்கொள்வது எப்படி இயலும்?

பதாகையைப் பற்றி என் தீர்ப்பு அவ்வளவு கடுமையன்று. செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டி அதைப் பாழாக்க வேண்டாம் என்று திருமறை எச்சரிக்கிறது; அதுவே, வெளிப்படையாக வழங்குவதும் நன்று, ஏழைக்கு மறைவாக வழங்குவது அதனினும் மேல் என்றும் வழிகாட்டுகிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யவும் கூடும். பிள்ளைகளின் முகங்களை மட்டும் அந்தப் படத்தில் சேர்க்காதீர்கள் என்றேன். நம் வீட்டுப் பிள்ளையை 'பயன் பெற்றவர்' என்று எழுதி யாரோ ஓர் அலுவலகத்துச் சுவரில் மாட்டினால் நாம் பொறுப்போமா?

மருமகன் தாள்களை வாங்கிக்கொண்டு பேசாமல் போனான். கோபித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். பத்து நாள் கழித்து வந்தான். ஒரு மாலை, வயல்வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பிறகு, சுரக்குடிக்குத் தனியே போய்க் கேட்டானாம்.

குழுத் தலைவி முதலில் "நீங்கள் என்ன செய்தாலும் சரி" என்றே சொல்லியிருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டபின், உள்ளேயிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். குழுவின் பேரேடு, வங்கிப் புத்தகங்கள், ரசீதுகள். கணக்கெழுதி வந்த பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இரண்டாண்டுகளாகக் கணக்கு எழுதப்படவில்லை. கணக்கு நேராகாமல் அடுத்த கடன் இல்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். பதினைந்து குடும்பங்கள் அந்தக் கடனை நம்பியிருந்தன. "முப்பத்திரண்டு பேர் வேண்டாம் தம்பி, எங்கே உட்கார வைப்பேன்? எழுதத் தெரிந்த நாலு பேர் ராத்திரியில் வந்தால் போதும்" என்றாராம்.

நால்வர் போனார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஒருவர், முழங்கால் வலியால் குளத்துக்கு வர இயலாதென்று முன்பே தயங்கி நின்ற அம்மையார். ஐந்து இரவுகள் ஆயின. குழுவில் ஒரு முதியவர் இரண்டு தவணைகளை இருமுறை கட்டியிருந்தது வெளிப்பட்டது; யாரும் எழுதி வைக்காததால் அவருக்கே அது தெரியாது. பணம் திரும்பக் கிடைத்தபோது அவர் நன்றி ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு முறை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாராம். அவருடைய பணந்தானே!

டிசம்பர் 5 அன்று பெருமழை. தலைமை அலுவலகம் படம் கேட்டது. பேரேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டான். அது அவர்கள் வீட்டுக் கணக்கு, அனுப்பாதே என்றேன். அனுப்பவில்லை. கிளை மேலாளருக்கு அதில் மனத்தாங்கல்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் அவன் சுரக்குடிக்குப் போய் வருகிறான். குழுத் தலைவியின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இனி நீங்கள் வந்து எழுத வேண்டாம், இவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம். குளத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்திரையில், தண்ணீர் வற்றியிருந்தால்.